ஒரு நாற்காலிக்கு ஒரு சைபர்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, எழுத்தைக் கண்டுபிடித்தது. இவை மூன்றும் சேர்ந்து செய்யாத நன்மையை, ஒரு கிலோலிட்டர் என்பது ஆயிரம் லிட்டர் என்ற கண்டுபிடிப்பு ஒன்றே செய்து முடித்தது. அதற்குப் பிறகு எவன் தயவும் எவன் கையெழுத்தும் இல்லாமல், பக்கத்தில் மூன்று சைபரைப் போட்டுவிட்டு மனிதன் தன் வேலையைப் பார்க்கப் போகலாம் என்று ஆயிற்று. மனித சுதந்திரம் பிறந்தது அன்றைக்குத்தான்.

இது தண்ணீர் லாரி ஓட்டுநர் ஒருவரின் கருத்து. கருத்து என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அவருக்கு அது உண்மை. டீக்கடையில் சொல்லுவார், சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரரிடம் சொல்லுவார், யாரும் கிடைக்காவிட்டால் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார். சக ஓட்டுநர்கள் அவருக்கு 'சைபர் அண்ணன்' என்று பெயர் வைத்ததில் தவறில்லை. தன் லாரியின் டேங்கில் '6000 லிட்டர்' என்று அவரே பெயின்ட் அடித்திருந்தார். ஒவ்வொரு சைபரும் சாப்பாட்டுத் தட்டு அளவு.

அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு, நிரம்பிய டேங்கோடு வெளியே போக நீர் வழங்கு நிலையத்தின் வாசலுக்கு வந்தபோது அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் போக வேண்டிய இடம் மகப்பேறு மருத்துவமனை. அங்கே முந்தின நாள் மோட்டார் எரிந்துபோய்க் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. அங்கே மாடியில் ஏழாம் எண் கட்டிலில் படுத்திருந்தது அவருடைய மனைவி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, அறுவைதான் வழி என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மணிக்குள் தண்ணீர் வந்தால் அறுவை அறை திறக்கும். வராவிட்டால், குண்டும் குழியுமான ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவார்கள்.

வாசல் காவலர் பெர்மிட்டை வாங்கிப் பார்த்தார். டேங்கைப் பார்த்தார். மறுபடி பெர்மிட்டைப் பார்த்தார்.

"இதுல என்ன போட்டிருக்கு? ஆறு. வண்டில என்ன எழுதியிருக்கு? ஆறாயிரம். மிச்சம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி நாலு எங்கேர்ந்து வந்துச்சு?"

"அண்ணே, அது கிலோலிட்டர். இது லிட்டர். திங்கக்கிழமைலேர்ந்து புது பெர்மிட்ல அப்படித்தான் அடிக்கிறாங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா எதுக்கு ரெண்டு பேரு?"

சைபர் அண்ணன் விரலால் காற்றில் மூன்று சைபர் போட்டுக் காட்டினார்.

"நான் படிச்சவன் இல்ல தம்பி," என்றார் காவலர், அதில் ஒரு பெருமையோடு. "இதுவும் அதுவும் பொருந்தினா கேட்டைத் திறப்பேன். பொருந்தலையா, மேல அலகு மாத்துற ஆபீஸ் இருக்கு, போய்ச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. ரெண்டு நிமிஷ வேலை."

வளாகத்துக்கு உள்ளேயே, முதல் மாடியில் இருந்தது கொள்ளளவு அலகு மாற்ற அலுவலகம். வாசலில் ஒரு பலகை: 'இங்கு திரவங்களுக்கு மட்டும் அலகு மாற்றித் தரப்படும். திடப்பொருள்களுக்குப் பின்பக்கக் கட்டடம்.'

உள்ளே நீளமான கூடம். ஏழு இருக்கைகள் வரிசையாக. கதவருகே கிலோலிட்டர் பிரிவு: கண்ணாடி போட்ட பெரிய மேஜை, மணி, மின்விசிறி. அடுத்தது ஹெக்டாலிட்டர், மேஜை கொஞ்சம் சின்னது. அடுத்து டெகாலிட்டர், அப்புறம் லிட்டர், டெசிலிட்டர், சென்டிலிட்டர். போகப் போக மேஜைகள் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் மில்லிலிட்டர் பிரிவு அம்மாளுக்கு மேஜையே இல்லை. மடியில் அட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

கிலோலிட்டர் அதிகாரி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

"என்ன பொருள்?"

"தண்ணி."

"திரவம்தான்னு என்ன ஆதாரம்?"

சைபர் அண்ணன் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. ஆகவே அவர் படியிறங்கி ஓடி, ஒரு டம்ளரில் டேங்கிலிருந்து பிடித்துக்கொண்டு மேலே ஓடி வந்தார். அதிகாரி டம்ளரை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். தண்ணீர் இரண்டு பக்கமும் மனதார ஒத்துழைத்தது. 'திரவம் எனக் காணப்பட்டது' என்று முத்திரை விழுந்தது. பிறகு அவர் பேனாவைத் திறந்து, விண்ணப்பத்தில் 6 என்பதன் பக்கத்தில் ஒரு சைபரைப் போட்டு, 'ஹெக்டாலிட்டர்' என்று எழுதி, மை காய ஊதினார்.

"அவ்வளவுதான். என் வேலை முடிஞ்சுது."

"சார், இன்னும் ரெண்டு சைபர் இருக்கே?"

"இருக்கு. ஆனா எனக்கு ஒரு சைபருக்குத்தான் அதிகாரம். இங்க ஒரு நாற்காலிக்கு ஒரு சைபர். கிலோலேர்ந்து நேரா லிட்டருக்குக் குதிக்கிறதெல்லாம் வெளியில. இங்க படிப்படியாத்தான் இறங்கணும்."

"சார், நானே போட்டுக்கறேன் சார். பேனா மட்டும் குடுங்க."

அதிகாரி பேனாவைச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினார்.

ஹெக்டாலிட்டர் அதிகாரி ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, முந்தின மேஜை போட்ட சைபரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சைபர்தானேன்னு நம்பி விட்டுருவோம். அப்புறம் பாத்தா எவனாவது வால் வெச்சு ஆறாக்கியிருப்பான். இங்க யாரையும் நம்ப முடியாது. பக்கத்து மேஜைக்காரரை நான் பதினாறு வருஷமா நம்பறதில்ல." பக்கத்து மேஜைக்காரர் தலையாட்டி அதை ஆமோதித்தார். ஐம்பது நிமிடம் கழித்து ஒரு சைபர் விழுந்தது. அறுநூறு டெகாலிட்டர்.

போன் அடித்தது. மனைவி.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஹெக்டாலிட்டர் தாண்டிட்டேன்."

"அது எந்த ஸ்டாப்பு?"

"ஸ்டாப் இல்ல. ஆபீஸ். வந்துர்றேன், இன்னும் ஒரே ஒரு சைபர்."

"இங்க நர்ஸம்மா ரெண்டு தடவ வந்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டுப் போயாச்சு. நான் பெத்துக்கறதா, புடிச்சு வெச்சுக்கறதா? சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி இருக்கேன்."

அவர் டெகாலிட்டர் மேஜைக்குத் தாவினார். நாற்காலி காலி. மேஜை மேல் கோப்புகள் கூரையைத் தொடப் பார்த்தன.

"சார் எங்க? டீ குடிக்கப் போயிருக்காரா?"

"பதவி உயர்வுல போயிட்டார்," என்றார் லிட்டர் பிரிவுக்காரர். "நாலு வருஷமாச்சு. இன்னும் ஆள் போடல."

"அப்ப இந்த நாலு வருஷமா வந்ததெல்லாம்?"

"எல்லாம் டெகாலிட்டர்ல நிக்குது. நான் நாலு வருஷமா லிட்டரையே பாக்கல தம்பி," என்று அவர் பெருமூச்சு விட்டார். அவர் மேஜை துடைத்து வைத்தது போலிருந்தது.

சுவரோரத்து பெஞ்சில் ஒருவர் தலையணையோடு வசதியாக உட்கார்ந்திருந்தார். சைபர் அண்ணன் அவர் பக்கத்தில் பொத்தென்று விழுந்தார். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"புதுசா?" என்றார் அவர். "நான் வார்னிஷ் வியாபாரம். ரெண்டரை வருஷமா வர்றேன். மாதிரிக்குக் குடுத்த வார்னிஷ் இங்கயே காஞ்சு கட்டியாப் போச்சு. திடப்பொருள் ஆயிருச்சாம், பின்பக்கக் கட்டடத்துக்குப் போகச் சொல்றாங்க. அங்க போனா, 'வரும்போது என்னவா வந்தீங்க'ன்னு கேக்கறாங்க." அவர் காலடியில் பெயின்டைக் கரைக்கும் தின்னர் டப்பா ஒன்று இருந்தது. "தினம் கொஞ்சம் ஊத்திப் பாக்கறேன். இளகுதான்னு."

சைபர் அண்ணன் அவருடைய தலையணையை ஒரு முறை பார்த்தார். எழுந்து நேராக இயக்குநர் அறைக்குள் நுழைந்தார்.

இயக்குநர் அவரை அன்போடு உட்காரச் சொன்னார். அன்பைப் பார்த்ததும் சைபர் அண்ணனுக்குப் பயம் கூடியது.

"சார், டெகா சாருக்கு ஆள் இல்ல. ஒரே ஒரு சைபர். நீங்க போட்டா முடிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குப் போற தண்ணி."

"உட்காருங்க, உட்காருங்க. ஒரே ஒரு சைபர்னு எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டீங்க! ஒரு சைபர் கூடினா பத்து மடங்கு. குறைஞ்சா பத்தில் ஒண்ணு. சைபர்ங்கறது குண்டு மாதிரிங்க. ஒரே ஆள் கையில மூணைக் குடுக்கலாமா? அதனாலதான் நான் இந்த முறையைக் கொண்டுவந்தேன். இருபத்திரண்டு வருஷத்துல இந்த ஆபீஸ்லேர்ந்து ஒரு தப்பான கணக்குகூட வெளிய போனதில்ல."

"சரியான கணக்கு சார்?"

"அதுவும் அவசரப்பட்டுப் போனதில்ல." இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "முன்னெல்லாம் என்ன நடந்துச்சு? மக்கள் அவங்களே மாத்திக்கிட்டாங்க. வீட்ல, கடையில, நடுரோட்ல! எவ்வளவு சரியா மாத்தினாங்கன்னு கேக்காதீங்க, சரியாத்தான் மாத்தினாங்க. ஆனா முறைப்படி மாத்தினாங்களா? இப்ப பாருங்க, யாருமே மாத்தறதில்ல. இது எவ்வளவு பெரிய கட்டுப்பாடு!"

"சார், கையெழுத்து..."

"போடறேன். எனக்கு ரெண்டு சைபர் வரைக்கும் அதிகாரம் இருக்கு." அவர் பேனாவைத் திறந்தார். சைபர் அண்ணனின் உயிர் திரும்பி வந்து வாசலில் நின்றது. அந்த நேரம் பார்த்து இயக்குநர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார்.

"அது என்ன, உங்க வண்டியா? பின்னால சொட்டுதே?"

சொட்டத்தான் செய்தது. பின்பக்க வால்வில் வாஷர் தேய்ந்திருந்தது. எல்லாத் தண்ணீர் லாரியும் சொட்டும். சொட்டாத லாரியைப் பார்த்தால் காலியோ என்று சந்தேகம் வரும்.

இயக்குநர் பேனாவை மூடினார்.

"சொட்டுதுன்னா ஆறு இல்லையே! ஆறுக்குக் குறைவா இருக்கிற ஒண்ணை ஆறாயிரம்னு நான் எப்படிச் சொல்றது? என்ன மனுஷன் நீங்க, என் பேனாவையே தொறக்க வெச்சுட்டீங்களே!"

மணி அடித்தது. மில்லிலிட்டர் அம்மாள் அளவுக் குவளையோடு கீழே அனுப்பப்பட்டார். சைபர் அண்ணன் அவருக்கு முன்னால் பாய்ந்து போய், ஸ்பேனரை எடுத்து வால்வை முறுக்கப் போனார். மேலே ஜன்னலிலிருந்து இயக்குநர் கத்தினார்: "தொடாதீங்க! அது விசாரணையில இருக்கிற சொட்டு!"

ஆகவே ஸ்பேனரைப் பிடித்தபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாள் குந்தி உட்கார்ந்து, ஒரு நிமிடத்துக்கு நாற்பது மில்லிலிட்டர் என்று குறித்துக்கொண்டார். அப்போது மணி பதினொன்று பத்து. தொண்ணூறு நிமிடத்தில் மூவாயிரத்து அறுநூறு மில்லிலிட்டர்.

"மூணே முக்கால் லிட்டர்கூட இல்லம்மா. மூணு புள்ளி ஆறு," என்றார் அவர் கெஞ்சலாக. "ஆறாயிரத்துல மூணு புள்ளி ஆறு. ஒரு வாளிகூட இல்ல."

"எனக்குத் தெரியும்ப்பா," என்றார் அம்மாள் மெல்லிய குரலில். "வீட்ல நானும் அப்படித்தான் போடுவேன். இங்க எனக்கு லிட்டர்னு சொல்ல அனுமதி இல்ல. நான் சென்டி வரைக்கும்தான்."

மேலே இயக்குநர் விளக்கினார். கிலோவிலிருந்து மில்லியை எப்படிக் கழிப்பது? இரண்டும் ஒரே அலகில் இருக்க வேண்டாமா? எனவே சொட்டுக் கோப்பு மில்லியில் தொடங்கி, சென்டி, டெசி, லிட்டர், டெகா, ஹெக்டா என்று ஆறு படி ஏறிக் கிலோவுக்கு வர வேண்டும். அது வந்ததும் கழித்துவிட்டு, விடையோடு மறுபடி மூன்று படி இறங்க வேண்டும்.

"ஏறும்போதும் டெகா வழியாத்தானா சார்?"

"வேற வழி?"

"அதுக்குள்ள இன்னும் சொட்டுமே?"

"அதுக்குத் துணைக் கோப்பு போடுவோம். நீங்க கவலையே படாதீங்க. கடைசிச் சொட்டு வரைக்கும் கணக்குல வந்துரும்."

சொட்டுக் கோப்பு கிளம்பியது. சென்டிலிட்டர் பிரிவில் முந்நூற்று அறுபது ஆயிற்று. அங்கே சைபரை எடுப்பதா, போடுவதா என்று அரை மணி நேரம் வாக்குவாதம். டெசிலிட்டர் பிரிவில் முப்பத்தாறு. லிட்டர் பிரிவுக்காரர் நான்கு வருடம் கழித்து ஒரு கோப்பு வந்த சந்தோஷத்தில் கைகளைத் தேய்த்துக்கொண்டு, அதை மூன்று முறை படித்தார். 3.6 என்று எழுதியபோது அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு அதை டெகாலிட்டர் நாற்காலியின் மேல் மரியாதையாக வைத்தார். அது அங்கேயே இருந்தது.

மணி பன்னிரண்டு பத்து. சைபர் அண்ணன் கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தார், ஜன்னலுக்குப் போனார், திரும்பினார், உட்கார்ந்தார், நெருப்பில் உட்கார்ந்தது போல எழுந்தார். கீழே சொட்டு விழும் சத்தம் மாடிக்குக் கேட்க வழியே இல்லை. அவருக்குக் கேட்டது.

போன்.

"ஆம்புலன்ஸ் வந்து நிக்குது," என்றாள் மனைவி. குரலில் கிண்டல் இல்லை. "ஒரு மணி ஆனா ஏத்திருவாங்களாம். அந்த ரோட்ல என்னால முடியாதுங்க. பயமா இருக்கு."

அவர் எல்லாவற்றையும் கொட்டினார். காவலர், ஆறு, ஆறாயிரம், டெகா நாற்காலி, சொட்டு.

"அந்தக் காவலாளி என்ன கேட்டாரு? சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"பெர்மிட்ல இருக்கறதும் டேங்கில இருக்கறதும் பொருந்தணும்னாரு."

"அவ்வளவுதானே? அப்புறம் எதுக்குங்க அவங்ககிட்டப் போய் மூணு சைபரைக் கேட்டு நிக்கிறீங்க? உங்ககிட்ட இருக்கிற மூணை அழிச்சுட்டு வாங்களேன்!"

சைபர் அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து, அதைப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

வார்னிஷ்காரர் பேச்சை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தின்னர் டப்பாவை நீட்டினார். "எனக்கு இது எப்படியும் இளகப் போறதில்ல."

துணியைத் தின்னரில் முக்கி, டேங்கின் மேல் தொற்றி ஏறி, தானே ஆசை ஆசையாகப் போட்ட மூன்று சைபரையும் அவர் தேய்த்தார். முதலாவது சுலபமாகப் போயிற்று. மூன்றாவது கொஞ்சம் அடம்பிடித்தது. காலியான இடத்தில், கீழே சக்கர அச்சிலிருந்து கறுப்பு கிரீஸை விரலால் தொட்டு வந்து, 'கிலோ' என்று எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது. நின்று அழகு பார்க்க நேரமில்லை.

வாசல் காவலர் பெர்மிட்டைப் பார்த்தார். "ஆறு." டேங்கைப் பார்த்தார். "ஆறு." கேட்டைத் திறந்தார்.

"பாத்தீங்களா தம்பி, ஆபீஸுக்குப் போனா வேலை நடக்குதா இல்லையா? சும்மா குறை சொல்லக் கூடாது."

அவர் அந்த இருபது நிமிட வழியைப் பதிமூன்று நிமிடத்தில் கடந்தார். மருத்துவமனைத் தொட்டியில் குழாயைச் செருகியபோது பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஸ்ட்ரெச்சர் அப்போது ஆம்புலன்ஸ் கதவருகே இருந்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டு, அதைத் தள்ளி வந்தவர்கள் அப்படியே திருப்பினார்கள். ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு கை மட்டும் உயர்ந்து, அவரைப் பார்த்து மூன்று விரலைக் காட்டிவிட்டு மடங்கியது.

இரண்டு பத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எழுநூறு.

அடுத்த நான்கு நாளும் வார்டுக்கு யார் வந்தாலும் அவர் கதை சொன்னார். ஏழு மேஜைக்காரர்களையும் நடித்துக் காட்டினார். பூதக்கண்ணாடி பிடித்தவரைப் போல ஒரு கண்ணைச் சுருக்கினார். "ஒருத்தரை ஒருத்தர் நம்ப மாட்டானுங்க! ஒருத்தன் போட்டதை இன்னொருத்தன் பாக்கணுமாம், அவன் பாத்ததை மூணாவது ஆள் பாக்கணுமாம்! நானா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு ஒரே செகண்டு!" பக்கத்துக் கட்டில்காரர்கள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நர்ஸ் ஒரு சின்ன மருந்துப் பாட்டிலையும் சொட்டுக்குழாயையும் ஒரு சீட்டையும் அவரிடம் கொடுத்தார். "தினம் ஒரு வேளை. பாப்பாவுக்கு இங்கயே முதல் தடவ குடுத்துட்டுக் கிளம்புங்கண்ணே."

சீட்டில் '0.5 மி.லி.' என்று இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்னால் ஒரு சைபர், பின்னால் ஐந்து, நடுவில் ஈ உட்கார்ந்து எழுந்து போனது போல ஒரு புள்ளி. புள்ளிதானா? காகிதத்தின் அழுக்காக இருந்தால் ஐந்து. பத்து மடங்கு. திரும்பிப் பார்த்தார். மனைவியின் மடியில் குழந்தை, அவருடைய சுண்டுவிரல் அளவுக்கு வாயைத் திறந்து கொட்டாவி விட்டது.

"இதோ வந்துர்றேன்," என்று சொல்லி வெளியே போனார்.

தாழ்வாரத்தில் நர்ஸைப் பிடித்தார். "அம்மா, இது புள்ளிதானே?"

"ஆமாண்ணே. அரை மில்லி."

"எழுத்தாலயும் எழுதிக் குடுத்துருங்களேன்."

நர்ஸ் எழுதினார்.

"கீழ ஒரு கையெழுத்து. தேதியும்."

"அரை மில்லிக்கா?" என்று சிரித்தபடியே போட்டுக் கொடுத்தார்.

அவர் அடுத்த வார்டுக்குப் போனார். அங்கிருந்த நர்ஸிடம், முதல் நர்ஸ் எழுதியதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு சீட்டை நீட்டினார். இவர் எவ்வளவு என்று வாசிக்கிறார்? அவரும் அரை என்றார். அவரும் கையெழுத்துப் போட்டார். பிறகு மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கி மருந்துக் கவுன்டருக்குப் போனார். கவுன்டர் மூடியிருந்தது; 'சாப்பாட்டு இடைவேளை' என்று அட்டை தொங்கியது. ஐந்து நிமிடம் நின்றார். கம்பிக்குள் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார்.

மனைவி சொட்டுக்குழாயைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள். வெளியே ஆட்டோ நின்றது.

"என்னங்க, குடுக்கலாமா?"

அவர் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கொஞ்சம் இரு. மூணாவது ஆள் சாப்பிடப் போயிருக்காராம். வந்துரட்டும்."